நீர் எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள்: இளம் சஸ்திர வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருத்துவக் கல்லூரிப் படிப்பையும் அதன்மேல் ரண சிகிச்சைப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு, தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும், பக்கத்தில் நின்று வழிகாட்டப் பெரியவர் ஒருவர் இல்லாமல், சொந்தப் பொறுப்பில் முதன்முதலாகக் கத்தியைக் கையில் எடுக்கத் தொடங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும், அத்தொழிலிலேயே தலை நரைத்துப்போன ஒருவன் உரிமையோடு எழுதும் மடல் இது. நீங்கள் இனி மிகுதியாகச் செய்யப்போகும் சஸ்திர சிகிச்சைகளுள் தொடையிடுக்குக் குடலிறக்கத்தைச் சீர்செய்வது முன்வரிசையில் நிற்கும். அதில் கை விரைவில் பழகிவிடும். பழகிய கைக்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிடும். அந்த நம்பிக்கை முற்றிலும் வேரூன்றுவதற்கு முன்பாகவே ஒரு விஷயத்தை உங்கள் மனத்தில் பதித்துவிட வேண்டும் என்பது என் ஆவல். தொடையிடுக்கில் இறங்கி நிற்பது எப்போதும் குடலாகவோ கொழுப்புத் திரையாகவோ இருப்பதில்லை. சில சமயங்களில் அது மூத்திரப்பையாகவே இருக்கிறது.

இதை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படித்தது பரீட்சைக்கு உதவியிருக்கும்; ஆனால் காலை பத்து மணிக்குப் புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நீண்டு நிற்க, எதிரே வேட்டியைச் சற்றே நெகிழ்த்திக்கொண்டு கூச்சத்தோடு ஒரு முதியவர் நிற்கும்போது அது நினைவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. தொடையிடுக்குக் குடலிறக்கங்களில் நூற்றுக்கு 1 முதல் 4 வரை மூத்திரப்பையின் ஏதேனும் ஒரு பாகம் கலந்திருப்பதாக நூல்கள் கூறுகின்றன. 50 வயதைக் கடந்த ஆடவரிடத்தில் இது நூற்றுக்கு 10 வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இவ்வளவு அபூர்வமல்லாத ஒன்று, கத்தி வைப்பதற்கு முன்னரே கண்டறியப்படுவதோ நூற்றுக்கு 7 பேரிடத்தில்கூட இல்லை என்று அந்நூல்களே சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை மேஜையின்மேல், வயிறு திறந்த நிலையில் தெரியவருகின்றன. நூற்றுக்கு 16 அளவிலான நோயாளிகளிடத்தில், எல்லாம் முடிந்து தையல் போட்டு வார்டுக்கு அனுப்பியபின், ஏற்பட்டுவிட்ட உபத்திரவத்தைக் கொண்டு தெரியவருகின்றன.

மூத்திரப்பை எவ்விதம் அங்கே வந்து சேருகிறது என்பதை ஒருமுறை மனக்கண்ணில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போவதெல்லாம் எளிதாக விளங்கும். முன்னெலும்புக்குப் பின்னே, வயிற்றறையின் மெல்லிய உட்சவ்வுக்கு வெளியே பெரும்பாலும் அமைந்திருக்கும் அந்தப் பை, தன் உச்சியில் மட்டுமே அச்சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. தொடையிடுக்குக் கால்வாயின் பின்சுவர் அதற்கு மிக அண்மையில் இருக்கிறது. வயது ஏற ஏறச் சுவர் தளர்கிறது. தேகம் பருத்திருந்தால் கொழுப்பு முன்னே இழுக்கிறது. நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் உள்ளிருந்து தள்ளுகின்றன. இவையனைத்துக்கும் மேலாக, நம் ஜனங்கள் சதையடைப்பு என்று வழங்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் கீழ்வாசலை நெருக்கிவிட, நீர் கழிக்கும் ஒவ்வொரு வேளையிலும் முக்கி முக்கிப் பழகிய பையானது நிரம்பி விரிந்து, சுவரின் பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டு பிதுங்குகிறது. பெரும்பாலும் சவ்வுப் பையின் பக்கத்திலே, அதாவது உட்புறமாக, அதனோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். சில வேளை சவ்வே இல்லாமல் தனித்து வரும். வேறு சில வேளை சவ்வுப் பைக்குள்ளேயே முழுதும் புகுந்திருக்கும். இம்மூன்று நிலைகளையும் பெயர் சொல்லி ஒப்பிப்பதைவிட, ‘உட்புறத்தில் இருப்பதை நம்பாதே’ என்ற ஒரே எண்ணத்தைக் கைவிரல்களுக்குக் கற்பித்துவிடுவது மேல். சிறிது பிதுங்கல் முதல், விரைப்பைக்குள் முழுப்பையும் இறங்கிவிடும் பேரிறக்கம் வரை இதற்கு அளவுண்டு. அந்தப் பேரிறக்கத்தை லெவின் என்ற அமெரிக்க வைத்தியர் 1951-ல் தனிப் பெயரிட்டு விவரித்தார்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். குடலிறக்கத்தோடு வரும் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த மனிதரிடமும், ‘ஐயா, உங்களுக்கு நீர் எப்படிப் பிரிகிறது?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் தேதி குறித்துக் கொடுக்காதீர்கள். கேட்கும் முறையிலும் நயம் வேண்டும். மகனும் மருமகளும் சூழ நிற்க, ‘யூரின் பிராப்ளம் இருக்கா?’ என்று தலை நிமிராமல் கேட்டால், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்ற பதில்தான் வரும். உடன் வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, ‘ஒரு தடவை போய்விட்டு வந்த பிறகு மறுபடியும் போக வேண்டும்போல் இருக்கிறதா? வீக்கத்தைக் கையால் அமுக்கிவிட்டால்தான் முழுதும் போகிறதா? போய்வந்தபின் வீக்கம் சுருங்கிவிடுகிறதா?’ என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தாம் செய்துவருவதை, அது எல்லாருக்கும் உள்ளதுதான் என்று எண்ணி யாரிடமும் சொல்லாதிருந்த ஒரு பழக்கத்தை, அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சொல்லுவார். முதலில் மேற்பை காலியாகி, பின்பு கையால் அழுத்தக் கீழே இறங்கிய பாகம் காலியாகும் இந்த இரட்டை நீர்க்கழிவு, பிரெஞ்சு வைத்தியர் மெரியின் பெயரால் வழங்கும் பழைய லட்சணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்ச் செலவில்லை, ஒரு யந்திரமும் வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்கு நேரமில்லை என்று சொல்பவர்களின் நிலையை நான் அறியாதவன் அல்லன். ஒருவருக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடைக்காத நாட்கள் உங்கள் வாழ்க்கையில் பல உண்டு. ஆயினும் அந்தக் கேள்வி எடுத்துக்கொள்ளும் நேரத்தையும், கேளாமையால் பின்னர் இரவு இரண்டு மணிக்கு மறுபடியும் வயிற்றைத் திறக்க நேரும்போது செலவாகும் நேரத்தையும், அந்த இரண்டாம் திறப்பில் முதியவர் படும் வேதனையையும் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

கேட்டபின் பார்க்க வேண்டும். நோயாளியை நிற்க வைத்துப் பாருங்கள். படுத்தால் பிதுங்கல் உள்ளே போய்விடும். நீர் கழிப்பதற்கு முன் ஒருமுறையும் கழித்தபின் ஒருமுறையும் வீக்கத்தின் அளவைக் கையால் அறியுங்கள். விரலைச் செலுத்திப் புராஸ்டேட்டைப் பரிசோதிப்பதை அருவருப்பு என்று தள்ளிப்போட வேண்டாம்; அதுவே பாதி விடையைச் சொல்லிவிடும். விரைப்பை பெருத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கும்பகோணம் முதலிய பிரதேசங்களில் யானைக்கால் நோயைச் சார்ந்த நீர்வீக்கத்தை, ஜனங்கள் ஓதம் என்று சொல்வதை, நெடுங்காலமாகக் கண்டு பழகிய கண்களுக்கு, பெருத்த விரைப்பை எதுவாயினும் அதுவாகவே தோன்றும். டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தால் சிவப்பாக ஒளி ஊடுருவுகிறதே என்று திருப்தியடைய வேண்டாம். மெல்லிய சுவருள்ள பையில் தெளிந்த மூத்திரம் நிற்கும்போதும் ஒளி ஊடுருவக்கூடும். அந்தத் திருப்தியில் ஊசியை ஏற்றி நீரை இழுக்க முற்பட்டால் கையில் வருவது மூத்திரமாக இருக்கும்.

சந்தேகம் எழுந்தபின் உறுதிப்படுத்துவது இன்று கடினமன்று. எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் அநேகமாகக் கிடைக்கும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையை, பை நிறைந்திருக்கையில் ஒருமுறையும் காலியானபின் ஒருமுறையும் செய்யச் சொல்லி, எதற்காகச் செய்யச் சொல்கிறோம் என்பதையும் சீட்டில் எழுதியனுப்புங்கள். வெறுமனே ‘குடலிறக்கம்’ என்று எழுதினால், பார்ப்பவர் குடலைத்தான் தேடுவார். கீழிறங்கிய நீர்மப் பை மேலிருக்கும் மூத்திரப்பையோடு தொடர்ச்சியாக இருப்பதும், நீர் கழித்தபின் சிறுத்துப்போவதும் தெரிந்தால் விஷயம் முடிந்தது. சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் மல்லாந்து படுக்க வைத்து எடுக்கையில் பிதுங்கல் உள்ளே ஒதுங்கிவிடக்கூடும் ஆதலால், குப்புறப் படுக்க வைத்து எடுக்கும்படி கேட்பது பயனுள்ளது. கத்தீட்டர் வழியே சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், நடு இறுகி இரு பக்கமும் விரிந்த உடுக்கையைப் போல மூத்திரப்பை தெரியும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் பழைய படங்களிலேயே, சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பாகம் பக்கவாட்டில் ஒதுங்கியிருப்பதும், பை சிறுத்து ஒருபக்கம் சாய்ந்திருப்பதும், அதன் அடிப்பாகம் முழுதும் தெரியாதிருப்பதும் ஆகிய மூன்று குறிகளை ரியர்டன், லோமன் என்ற இருவர் 1967-ல் எடுத்துக்காட்டினர். எல்லாக் குடலிறக்கத்துக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஏழைக்கு இழைக்கும் அநீதி. ஐம்பதைக் கடந்தவர், பருத்த தேகி, நீர் பிரிவதில் கோளாறு உள்ளவர், ஒருமுறை ஆபரேஷன் செய்தும் மறுபடி இறங்கியவர் ஆகிய இவர்களை விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை. கீழே தேங்கும் மூத்திரத்தில் கிருமி தங்கும், கல் உண்டாகும். சிறுநீர்க்குழாய்களும் கூடவே இழுபட்டு நெரிந்தால் சிறுநீரகங்கள் வீங்கி மெல்ல மெல்லச் செயலிழக்கும். ஆகையால் இரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் அளவு பார்க்காமல் இவர்களை மேஜைக்கு எடுத்துச் செல்லலாகாது. நீரடைப்போடு வரும் சிலரிடத்தில் ஒரு விசித்திரத்தைக் காண்பீர்கள்: கத்தீட்டரைச் செலுத்திய பின்பும் சிறிதளவே மூத்திரம் வரும், விரைப்பை மட்டும் பெருத்தபடியே நிற்கும். கத்தீட்டர் சரியாகப் போகவில்லை என்று எண்ணி அதை இழுத்துவிட வேண்டாம். வீக்கத்தை மென்மையாக மேல்நோக்கி அழுத்துங்கள்; தேங்கியது தானாக இறங்கி வரும்.

சிகிச்சையின் வரிசைக் கிரமத்தில்தான் விவேகம் அதிகம் வேண்டும். கீழ்வாசல் நெருங்கியிருக்க மேற்சுவரை மட்டும் தைத்து மூடினால், முக்கும் பழக்கம் நீங்காத அந்த மனிதர் சிறிது காலத்தில் அதே இறக்கத்தோடு மறுபடியும் வந்து நிற்பார். அல்லது ஆபரேஷன் ஆன அன்றிரவே நீரடைத்துத் துடிப்பார். ஆதலால் முதலில் புராஸ்டேட்டின் நெருக்கத்தை மாத்திரைகளாலோ, தேவைப்பட்டால் மூத்திரத் துவாரத்தின் வழியே சுரப்பியைச் சுரண்டியெடுக்கும் முறையாலோ தீர்த்துவிட்டு, அதன்பின் குடலிறக்கத்துக்கு வருவது நலம். இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்து முடிக்கும் வல்லுநர்களும் உண்டு. அது இடத்தையும் துணையையும் பொறுத்தது. குடல் இறுகி உயிருக்கு ஆபத்தான நிலையில் இந்தக் கிரமமெல்லாம் பொருந்தாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. தேகம் மிகத் தளர்ந்து, மயக்கமருந்தைத் தாங்கமாட்டாத முதியவருக்குக் கத்தீட்டரை வைத்தோ, வேளைக்கு வேளை செலுத்தி எடுத்தோ காலங்கழிக்க உதவுவதும் வைத்தியமே. கத்தி எடுக்காமல் இருப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

மேஜைக்கு வருவோம். முன்பே தெரிந்திருந்தால் கத்தீட்டரைச் செலுத்தி வைத்துக்கொண்டு தொடங்குவீர்கள். தேவையானபோது அதன் வழியே உப்பு நீரை ஏற்றிப் பையின் விளிம்பைக் கண்ணால் கண்டுகொள்ளலாம். முன்பே தெரியாத நிலையில்தான் விரல்களே கண்ணாக வேண்டும். பின்சுவரின் வழியே நேராக வரும் இறக்கம், உட்புறத்தில் வழக்கத்துக்கு மீறிய மஞ்சள் கொழுப்பு, அதற்கடியில் தடித்த சுவர், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள், தொட்டால் எளிதில் கசியும் சிறு இரத்தக் குழாய்கள்: இவற்றில் எது கண்ணில் பட்டாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள். உள்ளூர் மயக்கமருந்தில் செய்கையில், அந்த இடத்தை இழுத்தால் ‘ஒன்றுக்குப் போக வேண்டும்போல இருக்கிறது’ என்று நோயாளியே சொல்லிவிடுவதுண்டு. அந்தச் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். நேர் இறக்கத்தில் பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை இளமைக்கு இயல்பு. பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. திறக்காமல் உள்ளே தள்ளி, சுவரை வலுப்படுத்தினால் போதும். 1880-களில் இத்தாலியில் பாசினி சுவரைத் தைத்த காலத்திலிருந்து, லிச்டென்ஸ்டைன் வலையை வைத்து இழுப்பில்லாமல் மூடக் கற்பித்த காலம்வரை மூடும் விதம் எவ்வளவோ மாறியிருக்கிறது. இறங்கியிருப்பது இன்னதென்று அறிந்தபின் மூட வேண்டும் என்ற விதி மாறவில்லை.

ஒரு காலத்தில் பிதுங்கிய மூத்திரப்பையை வெட்டியெடுத்துவிடும் வழக்கம் இருந்தது. இன்று, பிதுங்கிய பாகம் இரத்தவோட்டமற்றுக் கறுத்திருந்தாலோ, அதில் புற்று இருந்தாலோ, அது தனிக் கிளைப்பையாக இருந்தாலோ, அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த கழுத்தால் இறுகியிருந்தாலோ அல்லாமல் யாரும் வெட்டுவதில்லை. ஒட்டுதல்களைப் பொறுமையாக விடுவித்து, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் பை கிழியலாம். கிழிந்தால் நாணமும் கலக்கமும் வேண்டாம். அப்போதே கண்டுகொண்டவருக்கு அது பெரிய ஆபத்தன்று. சந்தேகமிருந்தால் கத்தீட்டர் வழியே நீலச் சாயம் கலந்த உப்பு நீரைச் செலுத்திப் பாருங்கள். கிழிசல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சிறுநீர்க்குழாய்களின் வாய்கள் பாதிக்கப்படவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தையுங்கள். கரையாத நூலை உள்ளே விட்டால் அதைச் சுற்றியே பின்னாளில் கல் வளரும். மறுபடியும் நீர் ஏற்றிக் கசிவில்லை என்று பார்த்தபின், கத்தீட்டரை ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை விட்டுவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். மூத்திரத்தில் கிருமித் தொற்று இருந்திருந்தால் அன்று வலை வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தையலால் மட்டும் மூடுவதே எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது. இதில் அபிப்பிராய பேதம் உண்டு. பக்கத்து ஊரில் மூத்திரவியல் நிபுணர் ஒருவர் இருந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதற்கு ஒருபோதும் தயங்காதீர்கள்.

அறியாமல் மூடிவிட்ட கிழிசல்தான் ஆளைக் குடிக்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நோயாளிக்கு நீர் குறைவாகப் பிரிந்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, காயத்தின் வழியே தெளிந்த நீர் கசிந்து துணியை நனைத்தாலோ, ‘ஆபரேஷன் ஆனவருக்கு இதெல்லாம் சகஜம்’ என்று நர்சம்மாவுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்கள் கண்ணில் பட்டதை மதித்து, கட்டிலருகே வந்து பாருங்கள். வயிற்றறைக்குள் கசிந்த மூத்திரம் உட்சவ்வின் வழியே மீண்டும் இரத்தத்தில் கலப்பதால், சிறுநீரகங்கள் நன்றாகவே இருந்தும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அங்கே வைத்தியம் செய்யத் தொடங்கினால் உண்மையான காரணம் மறைந்துபோகும். கசியும் நீரை எடுத்து அதிலுள்ள கிரியேட்டினினை இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது மூத்திரமா அல்லவா என்பது அன்றே தெரிந்துவிடும்.

பெண்களிடத்தில் இது அரிது. நேர்ந்தால் தொடையிடுக்குக் கால்வாயைவிடத் தொடைக் கால்வாயின் வழியே இறங்குவது அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். கைக்குழந்தைகளுக்கோ பை நிறையும்போது அதன் இரு மூலைகளும் காதுகள்போல் கால்வாயின் உள்வாசலை எட்டிப் பார்ப்பது இயல்பானது, வளர்ந்தால் மறைந்துவிடும். ஆனால் அந்த வயதில் குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்கும்போது, சவ்வுப் பை என்று எண்ணி மூத்திரப்பையைக் கட்டிவிட்ட துன்பங்கள் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. பச்சிளங் குழந்தையின் தொடையிடுக்கில் உட்புறமாகத் தடித்ததெதுவும் தென்பட்டால், இருமடங்கு நிதானியுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் கொடுக்கும் சீட்டில், ‘குடலிறக்கம் சரிசெய்யப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், எந்தப் பக்கம், உள்ளே இருந்தது மூத்திரப்பை என்பது, அது கிழிந்து தைக்கப்பட்டதா இல்லையா, வலை வைக்கப்பட்டதா, புராஸ்டேட்டுக்கு இன்னும் என்ன மருந்து சாப்பிட வேண்டும் என்பனவற்றையெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கிழிந்திருந்தால் அதை அவரிடமும் அவர் வீட்டாரிடமும் மறைக்காமல் நேரில் சொல்லுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் மறுபக்கத்திலோ அதே பக்கத்திலோ இறக்கம் வந்து, அவர் வேறோர் ஊரில் வேறொரு வைத்தியரின் முன்னே போய் நிற்கக்கூடும். அந்த வைத்தியர் உங்களை அறியமாட்டார்; அவருக்குக் கிடைக்கப்போவது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

உங்கள் நலம் நாடும்,
ஒரு பழைய சஸ்திர வைத்தியன்